பத்துப் பொருத்தமும் பிரமிடும்

கீசாவின் பெரிய பிரமிடின் உயரத்தை 43,200-ஆல் பெருக்கினால் பூமியின் துருவ ஆரம் கிடைக்கும். அடிச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கினால் நிலநடுக்கோட்டின் நீளம் கிடைக்கும். வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் அவ்வப்போது புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வரும் செய்தி இது. போட்டுப் பார்த்துவிடலாம். கட்டி முடித்தபோது உயரம் சுமார் 146.6 மீட்டர், பெருக்கினால் 6,333 கிலோமீட்டர். உண்மையான துருவ ஆரம் 6,357. நான்கு பக்கமும் சேர்ந்து சுமார் 921.4 மீட்டர், பெருக்கினால் 39,804. உண்மை 40,075. இரண்டிலும் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆக, எண்கள் பொருந்துவது மெய்தான். அதை வைத்து எகிப்தியர் பூமியை அளந்திருந்தார்கள் என்று சொல்லலாமா என்பதே கேள்வி.

முதலில், இவை இரண்டு பொருத்தங்கள் அல்ல, ஒன்றுதான். பிரமிடின் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் 6.285 வரும், எந்த வட்டத்திலும் சுற்றளவை ஆரத்தால் வகுத்தால் 6.283, அதாவது இரண்டு பை (2π). எனவே உயரம் ஆரத்தோடு பொருந்திவிட்டால் மற்றது தானாகவே பொருந்தும். அப்படியானால் இந்த இரண்டு பை எங்கிருந்து வந்தது? எகிப்தியர் சரிவை, ஒரு முழம் ஏறினால் எத்தனை உள்ளங்கை அகலம் உள்வாங்க வேண்டும் என்று சொன்னார்கள். ரைண்ட் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணித ஏட்டில் அத்தகைய கணக்குகள் உள்ளன. அவர்களுடைய முழத்துக்கு ஏழு உள்ளங்கை. பெரிய பிரமிடின் சரிவு ஐந்தரை. அதனால் உயரம் 280 முழம், பக்கம் 440 முழம். வகுத்தால் 44/7, அதாவது 22/7-இன் இருமடங்கு. அருகிலேயே நிற்கும் காஃப்ரேயின் பிரமிடுக்குச் சரிவு ஐந்தேகால். அங்கே அதே வகுத்தல் வெறும் 6-ஐத் தருகிறது. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

மிஞ்சும் ஒரு பொருத்தத்தை எடைபோட, எத்தனை முயற்சிகளில் அது கிடைத்தது என்று கேட்க வேண்டும். டச்சு வானியலாளர் கார்னெலிஸ் டி யாகர் ஒரு சைக்கிளின் நான்கு அளவுகளை எடுத்து, அவற்றின் அடுக்குகளைப் பெருக்கியே இயற்பியலின் முக்கிய மாறிலிகளை வரவழைத்துக் காட்டினார். கணக்கு எளிது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு அளவுகளுக்கும் -5 முதல் 5 வரை முழு எண் அடுக்குகள் தந்தால் 14,641 விடைகள். தசமப் புள்ளியின் இடத்தைப் பொருட்படுத்தாவிட்டால், நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு சதவீதப் பிழைக்குள் சராசரியாக நூற்றுக்கு மேல் விடைகள் இருக்கும், 0.1 சதவீதத்துக்குள்ளேகூடப் பன்னிரண்டு தேறும். கல்யாணத் தரகர் பையில் 14,641 ஜாதகங்களோடு வருவது போலத்தான். பத்துப் பொருத்தமும் அமைந்த பன்னிரண்டு வரன்களில் ஒன்றை மட்டும் உருவி நீட்டி, "பிரம்மா போட்ட முடிச்சு" என்பார். மற்றப் பதினொன்றைப் பற்றி வாய் திறக்கமாட்டார். பொருந்தாத பதினாலாயிரமோ பையின் அடியில் மடங்கிக் கிடக்கும். பெண் வீட்டாரும் பையை எட்டிப் பார்ப்பதில்லை.

43,200 சும்மா எடுத்த எண் அல்ல, அரை நாளின் விநாடிகள் என்று வாதிடுவார்கள்; பத்தால் பெருக்கினால் கலியுகத்தின் ஆண்டுகள் என்றும் சேர்ப்பார்கள். 12, 60 ஆகியவற்றை வைத்து எண்ணும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இத்தகைய எண்கள் விளையும். 36,000 பொருந்தியிருந்தால் அதற்கும் ஒரு தலபுராணம் கிடைத்திருக்கும். அடுத்த வாதம், பிரமிடின் அட்சரேகை 29.9792458 பாகை, ஒளியின் வேகம் விநாடிக்கு 299,792,458 மீட்டர் என்பது. பிரமிடு 230 மீட்டர் அகலம். ஏழாவது தசம இடமோ நிலத்தில் ஒரு சென்டிமீட்டர்தான். அந்தக் கோடு பிரமிடின் ஊடாக எங்கோ போகிறது, அவ்வளவே; கடைசி மூன்று இலக்கங்கள் வெறும் ஒட்டு. மீட்டர் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பிள்ளை. ஒளி வேகத்துக்கு இந்த முழு எண் நிலைத்தது 1983-இல்.

இந்தப் பிரமிடு எண் விளையாட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1859-இல் பதிப்பாளர் ஜான் டெய்லர் தொடங்கிவைத்தார்; ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித் பற்றிக்கொண்டார். உயரத்தை நூறு கோடியால் பெருக்கினால் சூரியனின் தொலைவு என்றார்கள், வருவது 14.66 கோடி கிலோமீட்டர், உண்மை 14.96 கோடி. தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1880-இல் கருவிகளோடு போய் அளந்ததும் அவர்களுடைய கோட்பாட்டுக் கட்டுமானம் சரிந்தது.

எகிப்தியரின் உண்மையான சாதனை இந்தப் பெருக்கல்களில் இல்லை. நான்கு பக்கங்களையும் சில சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் சமமாக்கி, திசைகளுக்கு நேராக நிறுத்தினார்களே, அது தற்செயல் அல்ல. அடுத்த முறை இப்படியொரு எண் வந்தால், இதற்கு முன் எத்தனை எண்களைப் பெருக்கிப் பார்த்துக் கைவிட்டீர்கள் என்று அனுப்பியவரைக் கேளுங்கள்.