உங்கள் காரின் சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. முன்சக்கரங்கள் கோணலாயிருந்தால் அங்கே ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. இதை நீங்களே சோதிக்கலாம்.

சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். இரு முன்டயர்களின் முன்பக்கத்திலும் அச்சின் உயரத்தில், நடுவே சாக்குக்கட்டியால் குறியிடுங்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குறிகளின் இடைவெளியைத் தரையில் அளந்துகொள்ளுங்கள். சக்கரம் அரைச்சுற்று உருளுமாறு காரைத் தள்ளுங்கள். குறிகள் பின்பக்கம் வந்ததும் மீண்டும் அளவெடுங்கள்.

டயரின் விட்டம் 60 செ.மீ., வேறுபாடு 6 மி.மீ. என்றால், ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்கு 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது என்று பொருள்!

வேறுபாடு காரின் கையேட்டிலுள்ள அளவுக்கு வரும்வரை இருபுற டை ராடுகளையும் சமமாகத் திருகி, பூட்டு நட்டுகளை இறுக்குங்கள். சமதரையில் ஓட்டிப் பார்த்த பிறகே மலையேறுங்கள்.