வேலியோரத்து இருமல் மருந்து

எட்டுகிற உயரத்தில் இருக்கும் எதையும் ஆடு விட்டுவைக்காது. அகத்தி, முருங்கை, வேம்பு, கிளுவை எல்லாம் அதற்குத் தீனிதான். ஆடாதோடையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். வியாழக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும் அய்யலூர் போன்ற ஊர்களைக் கொண்ட திண்டுக்கல் சமவெளியில், காவலுக்கு ஆள் தேவைப்படாத இந்தச் செடியைத் தோட்டத்து வேலியாக வைப்பதில் வியப்பில்லை.

ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புதர் அது. மாவிலையைப் போல நீண்ட இலை. ஆனால் மாவிலையின் விறைப்பு இருக்காது. பூ வெள்ளை, கீழ் இதழில் ஊதாக் கோடுகள். இலையைக் கசக்கினால் புளித்த நெடி அடிக்கும், வாயில் வைத்தால் கசப்பு நாக்கை விட்டுப் போக நேரமாகும். ஐப்பசியில் மழை பிடித்து வீட்டுக்கு வீடு தடுமனும் இருமலும் கிளம்பியதும் வேலிப்பக்கம் போவார்கள். நாலைந்து இலையைப் பறித்துக் கழுவி, கிழித்துப் போட்டு, நாலு மிளகைத் தட்டிச் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராக வற்றும்வரை கொதிக்க வைப்பார்கள். வடிகட்டி, இளஞ்சூட்டில் தேன் கலந்து கொடுத்தாலும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் கசப்பை அறிவியல் முதலில் கவனித்ததும் தமிழ்நாட்டு மண்ணில்தான். ஊட்டியில் கொயினா மரப்பட்டையை ஆராய்வதற்காகச் சென்னை மாகாண அரசு வைத்திருந்த வேதியியலாளர் டேவிட் ஹூப்பர். 1888இல் அவர் ஆடாதோடை இலையிலிருந்து ‘வாசிசின்’ என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியில் ‘பிராம்ஹெக்சின்’ செய்யப்பட்டது. 1960களில் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. உடலுக்குள் போன பிராம்ஹெக்சின் மாறும் வடிவங்களில் ஒன்று ‘ஆம்ப்ராக்சால்’. அதுவும் தனி மருந்தாயிற்று. இன்று திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள எந்த மருந்துக்கடையில் இருமல் சிரப் கேட்டாலும், அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இந்த இரண்டில் ஒரு பெயர் அச்சாகியிருக்க வாய்ப்பு அதிகம். நெஞ்சில் கெட்டியாக ஒட்டிக்கொண்ட சளியின் இழைகளைத் தளர்த்தி, இருமும்போது வெளியே வரச் செய்வதுதான் இவற்றின் வேலை.

இதை வைத்துக்கொண்டு இலையும் சிரப்பும் ஒன்றே என்று சொல்லிவிடக் கூடாது. சிரப்பில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கு உண்டு. இலையில் உள்ள வாசிசினோ செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மையும் உண்டு என்பதால் கர்ப்பிணிகள் இந்தக் கஷாயத்தைத் தொடவே கூடாது. சித்த மருத்துவர்கள் ஆடாதோடையை மணப்பாகாகவும் குடிநீராகவும் அளவு பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் தமிழ்நாடு முழுவதும் விநியோகிக்கப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில், லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரித்து வருகிறது. அலோபதி படித்த மருத்துவரான சௌந்திரம் நிறுவிய வளாகத்தில் நாட்டு மருந்துக்கும் இடம் கிடைத்திருப்பது நல்ல விஷயம்.

ஆடாதோடை, பிராம்ஹெக்சின் இரண்டுமே சளியை இளக்கும். சளிக்குக் காரணமான கிருமியை ஒன்றும் செய்யாது. ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் ஏராளம். முதலிடம் ரைனோவைரஸுக்கு, அதில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தாலும் அடுத்தது காத்திருக்கும். அதனால்தான் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், பள்ளி போகும் பிள்ளைகளுக்கு ஆறேழு முறையும் சளி பிடிக்கிறது; தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் ஆன்டிபயாடிக் கேட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அந்த நிறம், கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது. நிறத்தை வைத்து மட்டும் பாக்டீரியா தொற்று என்று முடிவு கட்ட முடியாது.

மூக்கின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, பிசுபிசுப்பான சளிப்படலத்தைத் தொண்டைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போய் அமிலத்தில் அழியும். வைரஸ் உள்ளே நுழைந்துவிட்டால் உடல் சளிநீரைக் கூட்டிச் சுரந்து கழுவித் தள்ளப் பார்க்கிறது. ஒழுகும் மூக்கும், தும்மலும், தொண்டைக் கரகரப்பும் பெரும்பாலும் உடல் செய்யும் எதிர்வேலையின் விளைவுகள். ஒரு வாரம், பத்து நாளில் உடலே வென்றுவிடும். அதுவரை தாங்கிக்கொள்ள உதவுவதில்தான் அடுக்களை மருந்தின் பெருமை இருக்கிறது.

மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா? இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்கியது. தொண்டர்களை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்றடிக்கும் நடைவழியில் நிறுத்திப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகமாகச் சளி பிடித்துவிடவில்லை. 2005இல் கார்டிஃபில் நடந்த ஆய்வு வேறு விடை தந்தது. 90 பேர் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்திருந்தார்கள்; அடுத்த சில நாளில் 13 பேர் சளி என்றார்கள். காலை நனைக்காத 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். குளிர் கிருமியை உண்டாக்காது. ஆனால் ஏற்கெனவே மூக்கில் ஒட்டியிருக்கும் வைரஸுக்கு வசதி செய்து கொடுக்கக்கூடும். ரைனோவைரஸ் 33 டிகிரி செல்சியஸில் செழிப்பாக வளர்வதை சாலிஸ்பரியில் டேவிட் டிரெல் 1960இல் கண்டறிந்தார். நம் மூக்கின் உள்வெப்பமும் ஏறத்தாழ அதுதான். ஆக, மழையில் நனைந்து வந்த பிள்ளையின் தலையைத் துவட்டி உலர்ந்த துணி மாற்றும் பாட்டியின் பதற்றத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

அடுக்களைக்குள் வந்தால் முதலில் கைக்கு எட்டுவது சுக்கு. சுக்கையும் கொத்தமல்லியையும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி சேர்த்த சுக்குமல்லிக் காப்பி, மிளகு தூக்கலான ரசம், நாட்டுக்கோழிச் சாறு: மூன்றிலும் சூடும் காரமும்தான் மருந்து. கார்டிஃப் ஆய்வாளர் ரான் எக்கிள்ஸ் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சூடான பானம் குடித்தவர்களுக்கு மூக்கடைப்பின் அளவு மாறவில்லை. ஆனால் தும்மல், இருமல், தொண்டை வலி, குளிர் நடுக்கம், சோர்வு எல்லாம் உடனே குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். அதே பானத்தைச் சூடில்லாமல் குடித்தவர்களுக்கு அவ்வளவு ஆறுதல் கிடைக்கவில்லை. கோழிச்சாறு வெள்ளையணுக்களின் நடமாட்டத்தைச் சற்று மட்டுப்படுத்துவதாக அமெரிக்காவில் 2000இல் ஓர் ஆய்வக ஆய்வு வந்தது. குடித்த மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பூண்டு விஷயத்தில் திண்டுக்கல் மாவட்டத்துக்குத் தனிப் பெருமை உண்டு. பூம்பாறை, மன்னவனூர் வட்டாரத்தில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டை நசுக்கும்போதுதான் அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த அல்லினும் ஒரு நொதியும் கலந்து ‘அல்லிசின்’ உருவாகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை அதனுடையது. முழுப்பல்லை அப்படியே பாலில் போட்டு வேகவைத்தால் நொதி சூட்டில் செத்துவிடும். அல்லிசின் பிறக்கவே வழியில்லை. தட்டி, பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு அடுப்பில் போடுவது நல்லது. பிரிட்டனில் 2001இல் வெளியான ஆய்வொன்றில் 146 பேர் 12 வாரம் பங்கேற்றார்கள். பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு மொத்தம் 24 முறை சளி பிடித்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 65 முறை. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் ஒரே ஒரு சிறிய ஆய்வை வைத்துப் பூண்டைத் தடுப்பு மருந்து என்று அறிவிப்பது அவசரம்.

இருமலுக்குத் தேன் நல்லது என்பதற்கு ஆதாரம் கூடுதல் வலு. தூங்கப்போகும் முன் ஒரு கரண்டி தேன் பிள்ளைகளின் இரவு இருமலைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் நாக்கில் படவே கூடாது. மருந்து உரைத்துத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் இன்னும் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லியே ஆகவேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கும்.

நெல்லிக்காயின் வைட்டமின் சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தினமும் எடுத்துவந்தால் பெரியவர்களுக்குச் சளியின் காலம் 8 சதவீதம் குறைகிறது; பிடித்த பிறகு எடுத்தால் பயன் உறுதிப்படவில்லை.

ஆவி பிடிப்பதில்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். நொச்சி, வேப்பிலை, மஞ்சள் போட்டுக் கொதித்த குண்டானுக்கு முன்னால் போர்வைக்குள் குனிந்து உட்கார்வது இதமாகத்தான் இருக்கும். ஈரச்சூடு மூக்கில் காய்ந்ததை இளக்கும். ஆனால் நோயின் நாள் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குண்டான் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகளின் வேதனையோ உண்மையானது. 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, பொது இடங்களில் கூட்டாக ஆவி பிடிக்க ஏற்பாடு செய்ய வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. தைலத்தில் உள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, மூக்கு திறந்துகொண்டதுபோல் தோன்றவைக்கிறது; அடைப்பு அப்படியேதான் இருக்கும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது கூடவே கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போய் வலிப்பை உண்டாக்கக்கூடும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்கு இறங்கிவிடக்கூடும். கொதிக்கவைத்து ஆறிய உப்பு நீர் சொட்டுகள் போதும். பெரியவர்களுக்கு உப்பு நீரில் தொண்டை கொப்பளிப்பும் இதம் தரும்.

வராமல் தடுக்க வழி என்ன? சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கை கழுவுவது. ரைனோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சானிடைசர் அதை எளிதில் வீழ்த்தாது, தேய்த்து நீரில் அடித்துப் போகவிடுவதே பலன் தரும். மழைக்குச் சாத்திய ஜன்னலை மழை விட்டதும் திறந்துவிட வேண்டும். வகுப்பறைக்கும் மினிபஸ்ஸுக்கும் இது பொருந்தும். தூக்கமும் அதே அளவுக்கு முக்கியம். அமெரிக்காவில் 2015இல் 164 பேரின் மூக்கில் ரைனோவைரஸைச் சொட்டுவிட்டுக் கவனித்தார்கள். இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

மருந்துக்கடை சிரப் எல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அதில் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் சிரப் கொடுக்க வேண்டாம் என்று மத்திய அரசு அதையொட்டி அறிவுறுத்தியது.

சளி பிடித்த குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். அப்போது எந்த இலையையும் தேடக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அந்த நேரமே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.