பழைய கர்னல் இடத்தைக் காலி செய்யும் முன்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறும் நேரம். முதல் ஷிஃப்ட்காரர் லேத்தை நிறுத்தாமல், சக்கில் மாட்டிய இரும்பு சுழல சுழல அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், அடுத்து வருபவரின் விரல் தப்புமா? ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கர்னலிலிருந்து இன்னொரு கர்னலுக்கு நேரடியாகத் தாவும் ‘கெக்செக்’ வசதியில் இருக்கும் ஆபத்தும் இதே ரகம்.

வழக்கமான ரீபூட்டில் இந்தக் கவலை குறைவு. கணினி ரீசெட் ஆகும். பயாஸோ யூஇஎஃப்ஐயோ எழுந்து மெமரியைச் சோதித்து, கார்டுகளைத் தேடிப்பிடித்துத் தயார்செய்த பிறகே கர்னலுக்கு வழிவிடும். பெரிய சர்வர்களில் இதற்கே பல நிமிடம் ஆகும். எரிக் பீடர்மேன் எழுதிய கெக்செக், புதிய கர்னலை முன்கூட்டியே மெமரியில் ஏற்றிவைத்து, இந்தப் படிகளைத் தாண்டி அதற்குள் குதித்துவிடுகிறது. 2005 ஆகஸ்டில் வந்த 2.6.13 பதிப்பில் அது லினக்ஸில் சேர்ந்தது. நேரம் மிச்சம்தான், ஆனால் ரீசெட்டும் இல்லை.

நெட்வொர்க் கார்டைப் பாருங்கள். வரும் பாக்கெட்டுகளைப் பிராசஸரைக் கேட்காமலே அது மெமரியில் எழுதும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். எங்கே எழுதுவது என்பதைப் பழைய கர்னலின் டிரைவர் சொல்லிவைத்திருக்கும். கர்னல் மாறிய சேதி கார்டுக்குத் தெரியாது. அதே முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கும். அங்கே இப்போது புதிய கர்னலின் தரவு இருக்கலாம். உடனே முடங்கினால் அதிர்ஷ்டம். கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் முடங்கினால் காரணம் தேடுபவர் பாடு திண்டாட்டம்தான்.

இதைத் தடுக்க, தாவும் முன் ஒவ்வொரு டிரைவரின் ‘ஷட்டவுன்’ பகுதியையும் கர்னல் அழைக்கிறது. பதிவான வரிசைக்குத் தலைகீழாக அழைப்பதால் பென்டிரைவ் முதலில் ஓயும், அது செருகியிருக்கும் கன்ட்ரோலர் பிறகு. பிசிஐ கார்டுகளின் ‘பஸ் மாஸ்டர்’ பிட்டையும் அணைத்து, அவை தாமாக மெமரியைத் தொடாதபடி செய்கிறது.

ஆனால் ஷட்டவுன் பகுதி எழுதியே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல டிரைவர்களில் அது கிடையாது. டிரைவர் மாட்யூலைக் கழற்றும்போது ஓடும் ‘ரிமூவ்’ பகுதி இல்லாமல் போவது குறைவு. டிரைவர் எழுதுபவர்கள் ஏற்றி, இறக்கித்தானே சோதிக்கிறார்கள்! அதனால் அனுபவசாலிகள், சந்தேகமான டிரைவர்களை ‘ஆர்எம்மாட்’ கட்டளையால் முன்பே கழற்றிவிடுவார்கள். அப்படிக் கழற்ற, முதலில் சேவைகளை நிறுத்த வேண்டும், பிறகு டிஸ்க்குகளை அன்மவுன்ட் செய்து, நெட்வொர்க்கை இறக்க வேண்டும். ‘எல்எஸ்மாட்’ பட்டியலில் பயன்பாட்டு எண் பூஜ்யமாக இருப்பவை மட்டுமே கழலும். கழலாததைக் கட்டாயப்படுத்திப் பிடுங்குவது, தவிர்க்க நினைத்த விபத்தை நாமே வரவழைப்பது. ரூட் ஃபைல்சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கின் டிரைவரை எப்படியும் கழற்ற முடியாது. அதற்கு ஷட்டவுனே கதி.

கர்னலே நொறுங்கிவிட்டால்? அப்போது எந்த டிரைவரையும் நம்பி அழைக்க முடியாது. இதற்கு விடை கண்டவர்களில் ஐபிஎம்மின் இந்தியப் பொறியாளர்கள் முக்கியமானவர்கள். விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் பீடர்மேனுடன் சேர்ந்து, 2005 ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டுக்கு ‘கேடம்ப்’ பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கணினி தொடங்கும்போதே மெமரியில் ஒரு துண்டை ஒதுக்கி, இரண்டாவது கர்னலை அங்கே காத்திருக்க வைப்பதுதான் உத்தி. எந்தக் கார்டுக்கும் அந்த முகவரி கொடுக்கப்படாததால், பழைய டிஎம்ஏ ஓடினாலும் அங்கே எழுதாது. நொறுங்கியதும் இரண்டாவது கர்னல் எழுந்து, செத்த கர்னலின் மெமரியைப் பிரதி எடுத்துவைக்கிறது. எளிமையான, அழகான யோசனை.

வீட்டு லேப்டாப்புக்குக் கெக்செக் தேவையில்லை. கிராபிக்ஸ் கார்டு சரியாக ஓயாமல் திரை இருண்டு போகலாம், மிச்சமாவதும் சில விநாடிதான். சர்வரில் முயல்பவர்கள் ‘சிஸ்டம்சிடிஎல் கெக்செக்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். சேவைகளை நிறுத்தி, அன்மவுன்ட் செய்த பிறகே அது தாவும். முதல் தடவை மட்டும் தொலைவிலிருந்து செய்யாமல், பவர் பட்டன் கைக்கெட்டும் இடத்தில் இருந்து செய்யுங்கள்.