சலவைக்கல்லில் ஒரு மாணவர்

மேனாட்டுத் தேவாலயங்களில் மறைந்தோர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சன்னல் அமைப்பார்கள். அயர்லாந்தின் சிற்றூர்களிலும் உண்டு. நம் தஞ்சையில், சிவகங்கைக் குளத்தருகே 1779-இல் எழுந்த சுவார்ட்சு தேவாலயத்தில் அந்நினைவு சலவைக்கல்லில் இருக்கிறது.

செதுக்கியவர் இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன்; செதுக்குவித்தவர் இரண்டாம் சரபோஜி. 1798 பிப்ரவரியில் மறைந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சு படுக்கையில் கிடக்கிறார். அவர் கையைப் பற்றி நிற்பவர் மாணவர் சரபோஜி. அவர் அரியணை ஏறியதோ அவ்வாண்டு ஜூனில்தான்!

கோபால்ட் தரும் நீலக் கண்ணாடி, ஒளி ஊடுருவினால்தான் உயிர்பெறும். புடைப்புச் சிற்பத்துக்குப் பக்கவாட்டு ஒளி வேண்டும். நிழலே அதற்குக் கோடு.

எழுத்தறியாத என் தந்தையை அழைத்துச் சென்றேன். நான் விளக்குமுன்பே, "வாத்தியாரு சாகக் கெடக்குறாரு; படிச்ச புள்ள கையப் புடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார்.