வெற்றிடமும் பிறேக்கின் ஆற்றலும்

வேகமாக ஓடும் மோட்டார்க் காரொன்றை மனிதனின் கால்வலிமையால் மட்டும் நிறுத்துதல் எளிதன்று. ஆதலின் பிறேக் மிதிக்கும் தலைமை உருளைக்கும் இடையே ‘சேர்வோ’ என்னும் துணைக்கருவி அமைக்கப்படுகின்றது. இத்துணையை நல்குவது நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலமேயாகும். கடல்மட்டத்தில் வளியின் அமுக்கம் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 14.7 இறாத்தலாகும்.

பெற்றோல் எஞ்சினின் காற்றுவழி மூடி சாத்தியிருக்கும்போது, ஆடுதண்டுகள் உள்ளெடுப்புக் குழாயிலுள்ள வளியை உறிஞ்சிவிடுகின்றன. அங்கே அமுக்கம் குறைகின்றது. முழு வெற்றிடம் அன்றாயினும் இதனை வெற்றிடம் என்றே வழங்குவர். சேர்வோவின் உள்ளே நெகிழும் மென்றகடு ஒன்று இரு அறைகளைப் பிரித்து நிற்கின்றது. வாளாவிருக்கையில் இரு அறைகளிலும் வெற்றிடமே உண்டு. மிதியை அழுத்தியதும் ஓர் அறையினுள் வெளிவளி புகுந்து மென்றகட்டைத் தள்ளுகின்றது. 8 அங்குல விட்டமுள்ள மென்றகட்டின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலமாகும். வெற்றிடம் 20 அங்குல இரசமாயின், ஏறக்குறைய 490 இறாத்தல் விசை கிடைக்கும். 8 அங்குலமாயின் 200 இறாத்தலும் கிட்டாது.

சாதாரண எஞ்சினில் இவ்வெற்றிடம் செலவின்றிக் கிடைக்கும் பொருள். சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினிலோ நிலைமை வேறு. வளியைத் திணித்து வலுவைப் பெருக்குதலே அதன் தொழில். 1938ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் அறிமுகப்படுத்திய டீசல் எஞ்சின் வரிசையில், ஒவ்வோர் உருளையும் 71 கன அங்குலக் கொள்ளளவுடையது. ஆறு உருளைகள் கொண்ட எஞ்சினுக்குரிய ‘6-71’ என்னும் ஊதுகருவியை அமெரிக்காவிற் கார்களைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்போர் பெரிதும் விரும்பினர். இவ்வமைப்பிற் காபுரேற்றர் ஊதுகருவியின் மேலே அமையும். மூடி முழுதும் திறந்து எஞ்சின் வலுவுடன் இயங்கும்போது, ஊதுகருவியின் கீழேயுள்ள குழாயில் வெற்றிடம் நீங்கி மிகையமுக்கம் தோன்றுகின்றது.

ஆகவே அக்குழாயிலிருந்து சேர்வோவுக்கு வழி விடுவோர், மிகையமுக்கத்தைத் தாங்கவல்ல ஒருவழி வால்வைப் பொருத்துதல் இன்றியமையாதது. வளி சேர்வோவிலிருந்து எஞ்சினுக்குச் செல்ல இவ்வால்வு இடங்கொடுக்கும், திரும்பிவர விடாது. வால்வு பழுதாயின், சேமித்த வெற்றிடம் அழிந்து மிதி கல்லெனக் கடினமாகும். மூடிக்கும் ஊதுகருவிக்கும் இடையிலிருந்து வழி விடுதலும் உண்டு. அங்கே மிகையமுக்கம் வழக்கமாக எழுவதில்லை. எனினும் எஞ்சின் பின்னெரியக்கூடுமாதலின், ஒருவழி வால்வு அங்கும் வேண்டும்.

இடத்தைச் சரியாகத் தேர்ந்தாலும் ஒரு குறை எஞ்சலாம். உயர்வேகத்துக்கென அமைந்த வால்வுத்தண்டு, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் வெற்றிடத்தைக் குறைத்துவிடும். நெரிசலில் அடுத்தடுத்துப் பிறேக் பிடிக்கும்போது சேமிப்பு விரைவிற் கரையும். வெற்றிடத் தாங்கி ஒன்றைச் சேர்த்தால் மேலும் சிலமுறை மிதிக்க இயலும். தாங்கி சேமிக்குமேயன்றி உண்டாக்காது. வெற்றிடம் என்றும் குறைவாகவே இருக்குமாயின் தனிப் பம்பி வேண்டும். டீசல் எஞ்சின்களிற் காற்றுவழி மூடி வெற்றிடம் தருவதில்லையாதலின், அவற்றுக்கு நெடுங்காலமாகவே இத்தகைய பம்பி பொருத்தப்படுகின்றது. மின்பம்பியாயின், வெற்றிடம் குறைந்ததும் தானே இயங்கும் ஆளி இணைக்கப்படும். சுக்கானுக்குத் துணைசெய்யும் எண்ணெய்ப் பம்பியின் அமுக்கத்தைப் பயன்படுத்துதல் மற்றொரு வழி.

அமைப்பு செவ்வனே இயங்குகின்றதா என அறிதல் எளிது. எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்களின் பின் மிதிக்கும்போது முதல் மிதி மென்மையாக இருப்பின், ஒருவழி வால்வு வெற்றிடத்தைக் காத்துள்ளது எனலாம். மிதி கடினமாகும்வரை பலமுறை அழுத்தி, அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினால் மிதி சற்றுத் தாழவேண்டும். தாழாவிடின் சேர்வோவுக்கு வெற்றிடம் எட்டவில்லை, அல்லது சேர்வோவே பழுதுற்றுள்ளது என்பது பொருள்.

சேர்வோ துணைசெய்யாவிடினும் பிறேக் முற்றாக அற்றுப்போவதில்லை. ஆனால் அதே தடுப்பைப் பெறப் பன்மடங்கு விசையுடன் மிதிக்க நேரும். அதனை எதிர்பாராத சாரதிக்கு அக்கணமே பேரிடராகலாம். எஞ்சினின் வலுவைப் பெருக்குவோர், அம்மாற்றத்தால் பிறேக் இழக்கும் வெற்றிடத்தையும் அதனுடனேயே ஈடுசெய்தல் வேண்டும்.