கட்டை விரலும் நமது முதல்தான்

பொட்டலம் மடித்து நூல் சுற்றவும், ரூபாய் நோட்டு எண்ணவும், மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கவும் நமக்குக் கட்டை விரல் வேண்டும். அந்த விரலையே முடக்கும் ஒரு நோயைப் பற்றி வணிகப் பெருமக்கள் அறிந்திருப்பது நலம்.

டாக்டர்கள் இதைக் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்கிறார்கள். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் பட்டையான ஒரு நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் செல்கின்றன. உள்ளே இடம் குறைந்தால் நரம்பு நசுங்குகிறது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும், மணிக்கட்டை அழுத்தி மடக்கி ஓயாமல் உழைப்பவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.

அடையாளம் எளிது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகும். சுண்டு விரலுக்கு ஒன்றும் இராது. இரவில் தூக்கம் கலையும். கையை உதறினால் சற்றுத் தெளியும். அரியாங்குப்பம் கடைவீதியில் இதை 'வாயு' என்று சொல்லித் தைலம் தேய்த்துக் காலம் தள்ளுபவர்களை நாம் பார்த்து வருகிறோம். இந்தக் கட்டத்திலேயே டாக்டரிடம் போனால், இரவில் கட்டும் மணிக்கட்டுப் பட்டை, ஊசி, அல்லது நாரை வெட்டி நரம்பை விடுவிக்கும் சிறிய ஆபரேஷன் ஆகியவற்றால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

நாள் கடத்தினால் கட்டை விரலின் அடிச்சதை வற்றிவிடும். விரல் மற்ற விரல்களுக்கு எதிரே வராது. பொத்தான் போடவும், கல்லாவில் நாணயம் பொறுக்கவும் முடியாது.

அப்போதும் வழி உண்டு. மணிக்கட்டின் நடுவே தெரியும் மெல்லிய தசைநாண் இல்லாமலே கை வேலை செய்யும். அதைத் திருப்பிக் கட்டை விரலில் தைத்துவிடுகிறார்கள். ஒரு கணக்கில் சும்மா கிடக்கும் இருப்பை எடுத்து, நலிந்த கணக்கில் வரவு வைப்பது போன்றதே இது. 1929இல் கேமிட்ஸ் என்பவர் விவரித்த முறை. சிலருக்கு அந்த நாண் பிறவியிலேயே இராது. அவர்களுக்கு மோதிர விரலை மடக்கும் நாண்களில் ஒன்றை எடுப்பதுண்டு. சில வாரம் கட்டுப் போட்டு, பிறகு பயிற்சி செய்ய வேண்டும். பிடிப்பு திரும்பும். ஆனால் போன உணர்ச்சியை இந்த நாண் கொண்டுவராது.

தசைநாண் மாற்றும் வித்தையில் நம் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியில், தொழுநோயால் நரம்பு கெட்டு முடங்கிய கைகளுக்கு இப்படி ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். வாலிபத்தில் தச்சு பயின்ற அவர், குணமானவர்களுக்கு மரவேலையும் கற்பித்தார். கை திரும்பினால் போதாது, பிழைப்பும் திரும்ப வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நம் ஊருக்கு அருகிலேயே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கை மரத்தால் முதலாளியானாலும் சரி, மூட்டை தூக்கும் தொழிலாளியானாலும் சரி, உடனே போய்க் காட்டுங்கள். வாராக் கடனைப் போலவே இதுவும் நாள் ஆக ஆக வசூலாவது கடினம்.