இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சமா, நட்டமா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரை வண்டி ஓட்டுபவருக்கு மேடு என்று கிடைப்பது கண்மாய்க் கரைதான். மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலைக்கு வந்தால் சில மேம்பாலங்கள். மற்றபடி கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில், பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற மானாவாரிச் சமதளம். இங்கே கார் ஓட்டிப் பழகியவர்கள் மைலேஜ் கணக்கையும் இந்தச் சமதளத்திலேயே கற்கிறார்கள். ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். தூரத்தில் வேகத்தடை தெரிந்தால் காலை எடுத்து வண்டியை உருளவிட வேண்டும். நல்ல பாடம்தான். அக்னி நட்சத்திர வெயில் தாங்காமல் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்த் திரும்பும்போதுதான் அது காலை வாரிவிடுகிறது.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வழியில், ‘வண்டி தானாகவே ஓடுகிறதே, இன்ஜினுக்கு என்ன வேலை?’ என்று ஆட்டோமேட்டிக் காரின் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. இறங்கி முடிப்பதற்குள் அரை லிட்டராவது மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் அது மிச்சமே இல்லை, செலவு.

இந்தப் பழக்கம் அசட்டுத்தனத்தில் பிறந்ததல்ல. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றில் இன்ஜின் சுழலும்வரை அதன் உறிஞ்சுதலில் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழலும், உறிஞ்சுவதும் கூடும். நியூட்ரலில் விட்டால் குறையும். அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் சொன்னது, பாதுகாப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அந்த வண்டிகளுக்குச் சரியே.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, புகை விதிகள் இறுகியபோது, இந்தியக் கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை இப்போது ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. வண்டி கியரில் இருக்கிறது, கால் ஆக்சிலேட்டரில் இல்லை, இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுழல்கிறது என்றால், அது இன்ஜெக்டரை அடைத்துவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுற்றும். அந்த நேரத்தில் பெட்ரோல் செலவு பூஜ்யம். டீசல் காரிலும் இதே கதைதான்.

நியூட்ரலில் என்ன ஆகும்? சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். இன்ஜின் அணைந்துபோகாமல் இருக்கத் தன் சொந்தப் பெட்ரோலை எரித்தாக வேண்டும். சிறிய பெட்ரோல் கார் ஒன்று நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசி போட்டால் இன்னும் கூடும். கியரில் இறங்கும்போதோ ஏசி கம்ப்ரஸரையும் இறக்கத்தின் வேகமே சுற்றிக்கொடுக்கிறது.

சந்தேகம் இருப்பவர்கள் மீட்டர் பக்கத்தில் உள்ள ‘உடனடி மைலேஜ்’ திரையைப் பார்க்கலாம். கியரில் காலை எடுத்ததும் எண் உச்சத்துக்குப் போய் நின்றுவிடும். காலைக் குளிரில் கிளம்பினால் முதல் சில கிலோமீட்டருக்கு அப்படி நடக்காமல் போகலாம். இன்ஜின் சூடானபிறகே கணினி இந்த வேலையைச் செய்யும்.

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் 1,800 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். (ஏறும்போது அந்த உயரத்துக்காக மட்டும் இரண்டரை, மூன்று லிட்டர் பெட்ரோல் எரிந்திருக்கும், அது போனது போனதுதான்.) இறங்குகையில் டயரின் உருளலும் காற்றின் தடையும் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும். மீதி எங்காவது போயாக வேண்டும். ஒன்று இன்ஜின் அதைத் தாங்கும், இல்லையென்றால் நான்கு சக்கரங்களின் பிரேக் தாங்கும். நியூட்ரலில் போனால் முழுச் சுமையும் பிரேக்குக்குத்தான்.

பிரேக் காய்ந்தால் முதலில் கருகல் நாற்றம் வரும். பிறகு பேட் வழுக்கும், பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட்–3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி நிறைந்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. சாவியையே அணைத்துவிட்டு உருட்டுவது இதைவிட மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்தே போய்விடும்.

நீலகிரியில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பிறகு வெளிமாவட்ட வாகனங்கள் அந்த வழியில் இறங்கத் தடை வந்தது. அங்கே மலைக்குப் பழகாத ஓட்டுநர் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து.

‘எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. ஆட்டோமேட்டிக்கில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது? இங்கேதான் குழப்பம். லீவரை ‘டி’யிலேயே விட்டால் பல வண்டிகள் மைலேஜுக்காக உயர் கியருக்குத் தாவும், பிறகு பிடிப்பே இருக்காது. 2014-இல் செலேரியோ மூலம் பரவத் தொடங்கிய ஏஎம்டி கார்களில் லீவரை ‘எம்’ பக்கம் தள்ளி, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வேகம் மிகவும் குறைந்தால் ஏஎம்டி தானாகவே கிளட்சை விடுவித்துவிடும். கொண்டை ஊசியில் வண்டி திடீரென்று ‘விட்டுக்கொண்டு’ ஓடுவதுபோல் தோன்றுவது அதனால்தான். அப்போது பிரேக்கில் கால் இருக்க வேண்டும். சிவிடி வண்டியில் ‘எல்’ அல்லது ‘எஸ்’, டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் ‘2’, ‘எல்’ அல்லது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடில். ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில் ‘பி’ (B) என்ற எழுத்து இதற்கென்றே இருக்கிறது. எந்த எழுத்து எதற்கு என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்!

தாழ்ந்த கியரில் இன்ஜின் உறுமும். பின்சீட்டிலிருந்து பெரியவர்கள், “ஏம்ப்பா வண்டி இப்படிக் கத்துது, பெட்ரோல் குடிக்கப் போகுது” என்பார்கள். அந்தச் சத்தம் பெட்ரோல் எரியும் சத்தமல்ல, காற்றை அழுத்தும் சத்தம். சுற்றுமானியில் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை பயமில்லை. கால் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து விட்டுவிட்டால் அதற்கும் ஆற நேரம் கிடைக்கும்.

உருளவிடும் பழக்கத்துக்கும் இடம் உண்டு. மலை முடிந்து வத்தலக்குண்டைத் தாண்டி நிலக்கோட்டைப் பக்கம் வரும் மிக மெல்லிய சரிவில் கியரின் பிடிப்பே வண்டியை நிறுத்தப் பார்க்கும். அங்கே ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டு ‘டி’யில் போவதே போதும். அங்கேயும் ஆட்டோமேட்டிக்கை நியூட்ரலுக்குத் தள்ளவேண்டியதில்லை. சில கியர்பெட்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இறக்கம் நேரடி வரவு. மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. கொடைக்கானல் இறக்கத்தில் இரண்டு யூனிட் வரை திரும்பக் கிடைக்கலாம். பேட்டரி நிரம்பியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, மோட்டாரின் பிடிப்பும் குறைந்துவிடும். ஆகவே மலையில் தங்கும் இரவில் நூறு சதவீதம் சார்ஜ் போடாதீர்கள்; எண்பதில் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.